தடுப்பவர் கூலி கொடுக்கட்டும்: செனட் ஃபிலிபஸ்டரை எந்த வழியில் திருத்துவது?

அமெரிக்க செனட்டில் ஒரு மசோதாவை நிறுத்த எழுந்து நிற்கக்கூட வேண்டாம். தன் கட்சித் தலைவரின் அலுவலகத்துக்கு ‘இதற்கு என் சம்மதம் இல்லை’ என்று தகவல் சொன்னால் போதும். நம் சட்டமன்றங்களில் முடக்கம் என்றால் அவையின் நடுவே வந்து கோஷம், கிழித்தெறிந்த காகிதம், வெளிநடப்பு, குண்டுக்கட்டாக வெளியேற்றம். அங்கே சத்தமே இருக்காது. காலி நாற்காலிகளுக்கு நடுவில் எழுத்தர் ஒருவர் மெதுவாகப் பெயர்களை வாசித்துக்கொண்டிருப்பார். அதற்குள் மசோதா செத்திருக்கும்.

கணக்கு இதுதான். செனட்டர்கள் 100 பேர். மசோதா நிறைவேற 51 வாக்குகள் போதும். ஆனால் அந்த வாக்கெடுப்புக்குப் போக முதலில் விவாதத்தை முடிக்க வேண்டும். அதற்கு 60 பேர் சரி சொல்ல வேண்டும். விவாதம் முடியாமல் இழுத்துக்கொண்டே போகும் உரிமைதான் ஃபிலிபஸ்டர். அதை வெட்டும் வாக்கெடுப்புக்குக் குளோச்சர் என்று பெயர்.

இது அமெரிக்க அரசியலமைப்பில் எழுதப்பட்டதல்ல. 1806-ல் செனட் தன் விதிகளைத் திருத்தி எழுதியபோது, சாதாரணப் பெரும்பான்மையால் விவாதத்தை முடிக்கப் பயன்பட்டிருக்கக்கூடிய ஒரு விதியை ‘இது எதற்கு’ என்று தூக்கிவிட்டார்கள். முந்தைய ஆண்டு துணை அதிபர் ஆரோன் பர் சொல்லிவிட்டுப் போன யோசனை அது. அந்த ஓட்டை பின்னாளில் பெரிதானது. 1917-ல் வணிகக் கப்பல்களுக்கு ஆயுதம் தரும் மசோதாவைச் சிலர் முடக்க, அதிபர் உட்ரோ வில்சன் கொதித்தெழுந்தார். அதன் பிறகுதான் குளோச்சர் விதியே வந்தது. அன்று தேவைப்பட்டது வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு. 1949-ல் அதை மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டாக இறுக்கினார்கள், 1959-ல் மறுபடி தளர்த்தினார்கள், 1975-ல் மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று என்றாக்கினார்கள். இன்றைய 60 அங்கிருந்து வந்தது.

இதைவிடப் பெரிய மாற்றம் விதிப் புத்தகத்துக்கு வெளியே நடந்தது. 1970-களின் தொடக்கத்தில் பெரும்பான்மைத் தலைவர் மைக் மேன்ஸ்ஃபீல்டும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ராபர்ட் பேர்டும் செனட்டை இரண்டு தண்டவாளத்தில் ஓட்டினார்கள். முடக்கப்பட்ட மசோதாவை ஓரமாக நிறுத்திவிட்டு மற்ற வேலைகளைப் பார்ப்பது என்று ஏற்பாடு. அவை நடக்க வேண்டுமே என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அன்றோடு தடுப்பது இலவசமாகிவிட்டது. 1969-70 ஆகிய இரண்டு ஆண்டுகளில் தாக்கலான குளோச்சர் மனுக்கள் 7. 2021-22-ல் 336. (ஒவ்வொரு மனுவும் ஒரு ஃபிலிபஸ்டர் அல்ல; நியமனங்களை நகர்த்துவதற்காகப் பெரும்பான்மைத் தலைவரே போடும் மனுக்கள் இதில் ஏராளம். ஆனால் போக்கு புரிகிறது.)

எனவே சீர்திருத்த யோசனைகளை ஒப்பிடும்போது ‘எத்தனை வாக்கு வேண்டும்’ என்பதை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். தடுப்பதற்கான செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். இன்றைய நிலையில் அது முழுக்கப் பெரும்பான்மையின் தலையில். குளோச்சர் வாக்கெடுப்பு நாளில் சிறுபான்மைக் கட்சியின் 47 பேரும் தங்கள் ஊரில் பேரப்பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருக்கலாம். 60 என்ற எண் மொத்த இடங்களின் மேல் கணக்கிடப்படுவதால் வராதவரும் ‘இல்லை’ என்றவரும் ஒன்றுதான்.

நேரச் செலவும் அப்படியே. 16 செனட்டர்கள் கையெழுத்திட்டுத் திங்களன்று மனு கொடுத்தால் வாக்கெடுப்பு புதனன்று, அவை கூடி ஒரு மணி நேரம் கழித்து. 60 கிடைத்தாலும் அதற்குப் பின் 30 மணி நேரம் ஓட வேண்டும். இது ‘மசோதாவை எடுத்துக்கொள்ளலாமா’ என்ற தீர்மானத்துக்கு மட்டும். மாற்று வடிவத்துக்கு ஒன்று, மசோதாவுக்கு ஒன்று என்று இதே சுற்று மறுபடி. யாரும் எதுவும் பேசாமலே ஒரு மசோதா ஒன்றரை, இரண்டு வாரத்தைத் தின்றுவிடும்.

பேசித் தடுக்கட்டும் என்ற யோசனை

மக்களுக்கு மிகவும் பிடித்த யோசனை இது. தடுக்க விரும்புபவர் எழுந்து நிற்கட்டும், பேசட்டும், கால் வலிக்கட்டும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஒரேகனின் ஜெஃப் மெர்க்லி 2011-ல் இந்த வடிவத்தைக் கொண்டுவந்து 46-49 என்று தோற்றார். 2022 ஜனவரி 19 அன்று வாக்குரிமை மசோதாவுக்கு மட்டும் ஒரு தடவை இப்படிச் செய்யலாம் என்று அப்போதைய பெரும்பான்மைத் தலைவர் சக் ஷூமர் முயன்றபோது, சொந்தக் கட்சியின் ஜோ மான்சினும் கிர்ஸ்டன் சினிமாவும் எதிர்ப்பக்கம் சேர்ந்து 48-52 என்று கவிழ்த்தார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது யாரை வாட்டும் என்பது தெரியும். செனட்டின் 19-வது விதிப்படி, ஒரு சட்டமன்ற நாளில் ஒரு கேள்வியின் மேல் ஒருவர் இரண்டு தடவைதான் பேசலாம். பெரும்பான்மை அவையை ஒத்திவைக்காமல் இடைவேளை மட்டும் விட்டு, அதே சட்டமன்ற நாளைக் காலண்டரில் வாரக்கணக்கில் நீட்டலாம். 47 பேர், ஆளுக்கு இரண்டு பேச்சு: 94 பேச்சுகள். ஒரு பேச்சு ஐந்து மணி நேரம் என்று வைத்தால் 470 மணி நேரம். இரவு பகல் விடாமல் நடத்தினாலும் கிட்டத்தட்ட 20 நாள். இதில் யாராவது ஒரு திருத்தம் கொண்டுவந்தால் அது புதுக் கேள்வி. எல்லோருக்கும் மறுபடி இரண்டு பேச்சு. திருத்தங்களுக்குக் கதவடைக்காமல் பேசித் தடுக்கும் முறையைக் கொண்டுவந்தால் அதற்கு முடிவே கிடையாது. ஷூமரின் 2022 யோசனை இந்த ஓட்டையை அடைத்துத்தான் எழுதப்பட்டிருந்தது: வேறு திருத்தம், தீர்மானம், ஒழுங்குப் பிரச்னை எதுவும் எழுப்பக்கூடாது. நல்ல வரைவு. ஆனால் கதவடைத்த அவையில் சிறுபான்மைக்கு மிஞ்சுவது தொண்டை மட்டும்தான்.

அடுத்த சிக்கல் கோரம். அவை நடக்க 51 பேர் வேண்டும். தடுக்கும் தரப்பில் ஒருவர் பேசுவார், இன்னொருவர் ‘கோரம் இல்லை’ என்று சொல்லக் காத்திருப்பார். மற்ற 45 பேரும் தூங்கலாம். பெரும்பான்மைக் கட்சிக்காரர்கள் மட்டும் நள்ளிரவு இரண்டு மணிக்கும் ஓடிவரத் தயாராகப் பக்கத்து அறைகளில் கட்டிலைப் போட்டுக் கிடக்க வேண்டும். 1964-ல் கறுப்பின மக்களுக்கான சிவில் உரிமைச் சட்டத்தைத் தடுத்த 18 தென்மாநில ஜனநாயகக் கட்சியினரை ரிச்சர்ட் ரஸ்ஸல் ஆறாறு பேராக மூன்று அணிகளாகப் பிரித்தார். ஓர் அணி பேசும்போது மற்ற இரண்டுக்கும் ஓய்வு. எதிர்த்தரப்பில் ஹியூபர்ட் ஹம்ஃப்ரிக்கோ தினமும் கோரம் சேர்ப்பதே வேலையாக இருந்தது.

1988-ல் தேர்தல் நிதிச் சீர்திருத்த மசோதாவுக்காகப் பெரும்பான்மைத் தலைவர் பேர்ட் இதே வழியில் இறங்கினார். இரவு முழுவதும் அவை. சிறுபான்மையினர் கூண்டோடு மறைந்தார்கள், கோரம் விழுந்தது. வராதவர்களைக் கைது செய்து கொண்டுவர உத்தரவு போனது. பிப்ரவரி 24 அதிகாலையில் ஒரேகனின் பாப் பேக்வுட்டை, கால் முன்னே தலை பின்னே என்று காவலர்கள் தூக்கிக்கொண்டு அவைக்குள் வந்தார்கள். ஏற்கெனவே உடைந்திருந்த விரல் அந்த இழுபறியில் மறுபடி அடிபட்டது. எட்டுத் தடவை குளோச்சர் வாக்கெடுப்பு நடந்தும் மசோதா தோற்றது.

தனி ஒருவரின் நீண்ட பேச்சும் அப்படித்தான். 1957-ல் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார். அவர் உட்கார்ந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் மசோதா 60-15 என்று நிறைவேறியது. பேச்சு வேலை செய்வது கடைசித் தேதி கண் முன்னே இருக்கும்போதுதான். 2013 ஜூன் 25 அன்று டெக்ஸாஸ் மாநில செனட்டில் வெண்டி டேவிஸ் சுமார் 11 மணி நேரம் நின்று பேசி ஒரு மசோதாவை நிறுத்த முடிந்ததற்குக் காரணம், சிறப்புக் கூட்டத்தொடர் அன்று நள்ளிரவோடு முடிந்ததுதான். அங்கே சாயக்கூடாது, உட்காரக்கூடாது, தலைப்பை விட்டு விலகக்கூடாது. முதுகுப் பட்டை மாட்ட ஒருவர் உதவியதையே குற்றமாக எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் கவர்னர் இன்னொரு கூட்டத்தொடரைக் கூட்ட, மசோதா நிறைவேறிவிட்டது. வாஷிங்டனில் அப்படி நள்ளிரவுக் கெடு பெரும்பாலும் கிடையாது.

படியிறங்கும் எண்

அயோவாவின் டாம் ஹார்கின் 1995-ல் சொன்னது. முதல் குளோச்சருக்கு 60, கிடைக்காவிட்டால் அடுத்ததற்கு 57, பிறகு 54, கடைசியில் 51. அவர் இதைக் கொண்டுவந்தபோது அவர் கட்சி அப்போதுதான் பெரும்பான்மையை இழந்திருந்தது. அந்த நேர்மைக்காகவே ஒரு வணக்கம் வைக்கலாம். 76-19 என்று ஓரங்கட்டப்பட்டது. 2011-ல் மறுபடி முயன்று 12 வாக்குகளே வாங்கினார்.

ஒவ்வொரு படிக்கும் புது மனு, ஒவ்வொரு மனுவுக்கும் இரண்டு நாள். ஆக எட்டாவது நாள் மெஜாரிட்டி ஜெயிக்கும் என்று முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். பிறகு எதற்குப் பேரம் பேசுவார்கள்? தாமதம் உறுதி, சமரசத்துக்கு உறுதியில்லை. அதே நேரம், ஆண்டுக்கு இத்தனை நாள்தான் என்று எண்ணி ஓடும் செனட் நாள்காட்டியில் எட்டு நாள் என்பது பெரிய விலை. இரண்டாம்தர மசோதாக்கள் இந்த விலைக்குத் தாங்காமல் தாமாகவே விழும். முக்கியமானதற்கு மட்டும் பெரும்பான்மை நேரத்தைச் செலவழிக்கும். இதில் ஒரு நியாயம் உண்டு. ஆனாலும் இது தவணையில் வரும் ஒழிப்புதான்.

41 பேர் வந்து நிற்கட்டும்

கேள்வியைத் திருப்பிப் போடும் வழி இது. ‘விவாதத்தை முடிக்க 60 பேர் எங்கே’ என்று கேட்காமல் ‘விவாதத்தைத் தொடர 41 பேர் எங்கே’ என்று கேட்பது. அரசியல் ஆய்வாளர் நார்மன் ஆர்ன்ஸ்டீனும் மினசோட்டாவின் முன்னாள் செனட்டர் அல் ஃப்ராங்கனும் இதை வலியுறுத்தியவர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் 60-ம் 41-ம் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கம். நூறு பேரும் அவையில் இருந்தால் அப்படித்தான். ஆனால் நூறு பேரும் என்றைக்கு இருந்தார்கள்?

இதன் நெருங்கிய உறவு, வந்து வாக்களிப்போரில் ஐந்தில் மூன்று என்ற முறை. இரண்டையும் உண்மையான வாக்கெடுப்புகளில் பொருத்திப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

2021 மே 28. ஜனவரி 6 கலவரத்தை விசாரிக்கும் ஆணைய மசோதா. ஆதரவு 54, எதிர்ப்பு 35, வராதவர்கள் 11. இன்றைய விதியில் தோல்வி. வந்த 89 பேரில் ஐந்தில் மூன்று என்றால் 54 தேவை. சரியாக 54 இருந்தது, வெற்றி. 41 விதியிலும் வெற்றி, ஏனெனில் தடுத்தவர்கள் 35 பேர்தான். விதி அப்படி இருந்திருந்தால் வராதவர்களில் இருந்த ஒன்பது குடியரசுக் கட்சியினர் நீண்ட வார இறுதிக்கு விமானம் பிடித்திருக்க மாட்டார்கள் என்று வாதிடலாம். அதுதான் வேண்டும்! தடுப்பவர் விமானத்தை ரத்து செய்யட்டும்.

2010 டிசம்பர் 18. சிறுவயதில் ஆவணமின்றி அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களுக்கான டிரீம் சட்டம். பிரதிநிதிகள் சபை ஏற்கெனவே நிறைவேற்றியிருந்தது. செனட்டில் 55-41. வந்தவர்கள் 96, ஐந்தில் மூன்று 58. தோல்வி. 41 விதியில் தடுத்தவர்கள் சரியாக 41. ஒரே ஒருவர் போக்குவரத்தில் மாட்டியிருந்தால் வரலாறு வேறு. ஹார்கின் முறையில் மூன்றாம் படியான 54-ல் நிறைவேறியிருக்கும்.

2018 ஜனவரி 29. கருத்தரித்து 20 வாரத்துக்குப் பின் கருக்கலைப்பைத் தடை செய்யும் மசோதா. 51-46. முழு ஒழிப்பிலும் ஹார்கினின் கடைசிப் படியிலும் மட்டும்தான் பிழைக்கும். முந்தைய இரண்டுக்கும் கைதட்டியவர்களில் பலர் இதற்குத் தட்ட மாட்டார்கள். விதியைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றையும் ஒன்றாகத்தான் வாங்கியாக வேண்டும்.

41 முறை எங்கே கெடும்? முதலாவது, பெரும்பான்மைத் தலைவர் வேண்டுமென்றே அதிகாலை மூன்று மணிக்கு வாக்கெடுப்பு வைக்கலாம். குறைந்தது நான்கைந்து மணி நேர முன்னறிவிப்பு என்று எழுதாவிட்டால் இது பொறியாகிவிடும். இரண்டாவது, செனட் முதியோர் அவை. நோயாளியை இழுத்துவர வேண்டியிருக்கும். 1964 ஜூன் 10 அன்று கலிஃபோர்னியாவின் கிளேர் எங்கிளைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். மூளைக்கட்டியால் பேச்சு போயிருந்தது. பெயர் வாசித்தபோது கையைத் தூக்கித் தன் கண்ணைக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணும் ‘ஆம்’ என்ற வாக்கும் ஒரே ஒலி. ஆதரவாக எண்ணிக்கொண்டார்கள், 71-29. நெகிழ்ச்சியான காட்சிதான், ஆனால் அடிக்கடி நடக்க வேண்டிய காட்சி அல்ல. எதிர்ப்பக்கத்தில் ஒருவர் விலகி நின்று ஈடுகட்டும் இணை ஏற்பாட்டை இதற்கு அனுமதிக்கலாம். மூன்றாவது, கட்சி வரியில் 47 பேரும் விறைப்பாக நின்றால் இந்த விதி எதையும் உடைக்காது. ஆறு பேருக்கு மேல் விடுப்பு எடுக்க முடியாது, அவ்வளவுதான். தடுப்பதன் விலையைத்தான் இது ஏற்றுகிறது. முழு ஒழிப்பை எதிர்பார்ப்பவருக்கு இது சப்பென்றிருக்கும்.

விதிவிலக்குகள்

அதிபர் செய்யும் நியமனங்கள் ஏற்கெனவே 60 விதிக்கு வெளியே போய்விட்டன. 2013 நவம்பர் 21 அன்று ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட், உச்ச நீதிமன்றம் நீங்கலாக மற்ற எல்லா நியமனங்களுக்கும் 51 போதும் என்றாக்கினார். 2017 ஏப்ரல் 6 அன்று குடியரசுக் கட்சியின் மிட்ச் மெக்கானெல், நீல் கோர்சச்சுக்காக உச்ச நீதிமன்றத்தையும் சேர்த்தார். இதே ஆயுதத்தைக் காட்டி 2005-ல் குடியரசுக் கட்சி மிரட்டியபோது ஜனநாயகக் கட்சி அலறியது. எட்டு ஆண்டில் வசனங்கள் இடம் மாறின.

சட்டங்களிலும் விதிவிலக்குகள் உண்டு. அதில் பெரியது பட்ஜெட் ரெகன்சிலியேஷன், அதாவது வரவு செலவு மசோதாக்களுக்கான தனிப்பாதை. 1974 சட்டத்தில் வந்தது. விவாதம் 20 மணி நேரத்தில் முடியும், 51 வாக்கு போதும். வரவு செலவுக்குச் சம்பந்தமில்லாததை நுழைக்கக்கூடாது என்று 1985-ல் பேர்ட் ஒரு வடிகட்டி போட்டார். செனட்டின் விதி ஆலோசகர் ஒவ்வொரு வரியாக அலசுவதற்கு அங்கே ‘பேர்ட் குளியல்’ என்று பெயர். 2021 பிப்ரவரியில் 15 டாலர் குறைந்தபட்சக் கூலி இந்தக் குளியலில் கரைந்தது. 2017 வரிச் சட்டத்தின் பெயரே தேறவில்லை; பெயரால் வரவு செலவு மாறாது என்று வெட்டிவிட்டார்கள். அதே சட்டத்தில் தனிநபர் வரிக் குறைப்புகளுக்கு 2025 வரை என்று ஆயுள் குறித்ததற்கும் இந்த விதிதான் காரணம். நாட்டுக்கு எது நல்லது என்பதற்குப் பதில் வடிகட்டியில் எது நிற்கும் என்று பார்த்துச் சட்டம் எழுதும் பழக்கம் இதனால் வந்தது. விதிவிலக்கின் உண்மையான விலை இது.

2021 டிசம்பரில் கடன் உச்சவரம்புக்கு ஒரே ஒரு தடவை விலக்கு தந்தார்கள். வாக்குரிமைக்கு ஒன்று கேட்டார்கள், கிடைக்கவில்லை. தாய்வழியில் திருவாரூர் மாவட்டத் துளசேந்திரபுரத்தோடு உறவுள்ள கமலா ஹாரிஸ், 2024 செப்டம்பரில் கருக்கலைப்பு உரிமைக்காக விலக்கு வேண்டும் என்றார். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் நியாயமாகத் தோன்றும். ஆனால் ‘இது மட்டும் முக்கியம்’ என்று முடிவு செய்பவர் அன்றைய பெரும்பான்மை. அவர்களுக்கு வாக்குரிமை என்றால் அடுத்தவர்களுக்கு எல்லை வேலி. நமக்குப் பட்டதைச் சொன்னால், விலக்கு கேட்பவர்கள் ஒழிப்பையே கேட்டுவிடுவது நேர்மை.

ஒழித்தே விட்டால்?

ஒழிப்புக்கு வலுவான வாதம் இருக்கிறது. மக்கள்தொகையில் மிகச் சிறிய 21 மாநிலங்களின் செனட்டர்கள் சேர்ந்தால் 42 பேர். அவர்கள் பின்னால் இருக்கும் மக்கள் சுமார் 11 சதவீதம். (அந்த மாநிலங்கள் எல்லாம் ஒரே கட்சியல்ல, வெர்மாண்டும் வயோமிங்கும் ஒன்றாக வாக்களிப்பதில்லை. ஆகவே இந்த எண்ணை அப்படியே தூக்கி வீசுவது சரியல்ல.) சட்டத்தைக் கையில் எடுத்து நடத்தும் கும்பல் கொலைகளைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் மசோதா 1922-ல் பிரதிநிதிகள் சபையைத் தாண்டி செனட்டில் முடங்கியது; அப்படியொரு சட்டத்தில் அதிபர் கையெழுத்திட்டது 2022 மார்ச்சில். நூறு ஆண்டு.

எதிர்வாதமாக, இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை சட்டங்கள் தலைகீழாகும் என்கிறார்கள். இந்தப் பயம் கொஞ்சம் மிகை. 2017-ல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நீக்க 51 போதும் என்ற வழியில்தான் போனார்கள். ஜூலை 28 அதிகாலையில் ஜான் மெக்கேன் கட்டை விரலைக் கீழே காட்டி 49-51 என்று முடித்தார். அங்கே ஃபிலிபஸ்டர் காப்பாற்றவில்லை, சொந்தக் கட்சிக்குள் இருந்த தயக்கம் காப்பாற்றியது. 2025-ல் 43 நாள் அரசு முடங்கியபோது அதிபர் டிரம்ப் ஒழிக்கச் சொல்லியும் பெரும்பான்மைத் தலைவர் ஜான் தூன் மறுத்தார். தங்களுக்கே வேண்டாத மசோதாக்களை எதிர்க்கட்சி தலையில் கட்ட ஃபிலிபஸ்டர் வசதியாக இருக்கிறது என்பதைப் பெரும்பான்மைத் தலைவர்கள் வெளியே சொல்வதில்லை.

ஒழிப்பின் மேல் நம் முக்கிய சந்தேகம் வேறு: அது முடக்கத்தை நிறுத்தாது. செனட்டின் அன்றாட வேலை ‘யாருக்கும் ஆட்சேபம் இல்லையே’ என்ற ஒருமித்த சம்மதத்தில் ஓடுகிறது. 2013-லிருந்து ராணுவப் பதவி உயர்வுகளுக்கும் 51 போதும்தான். ஆனாலும் 2023-ல் அலபாமாவின் டாமி டியூபர்வில் தனி ஆளாகச் சம்மதம் மறுத்தே 400-க்கு மேற்பட்ட அதிகாரிகளின் பதவி உயர்வை பிப்ரவரியிலிருந்து டிசம்பர் வரை நிறுத்தினார். கொத்தாகப் போக வேண்டியதை ஒவ்வொன்றாக எடுத்தால் அவை நேரம் போதாது. இப்படி நேரம் போதாமல் போவதற்கு மருந்தாகத்தான் 2019-லேயே கீழ்நிலை நியமனங்களுக்கு 30 மணி நேரத்தை 2 ஆக்கினார்கள். 2025 செப்டம்பரில் கொத்தாக வாக்களிக்க வழி செய்து முதல் தடவையிலேயே 48 பேரை முடித்தார்கள். வாக்கு எண்ணிக்கையைக் குறைத்தது போதாமல் நேரத்தையும் குறைக்க வேண்டியிருந்தது.

செனட் 50-50 என்று இருந்தால் இன்னொரு ஆபத்து. துணை அதிபர் சமநிலையை உடைக்கலாம். ஹாரிஸ் நான்கு ஆண்டில் 33 தடவை உடைத்தார், அது சாதனை. ஆனால் துணை அதிபர் கோரத்தில் எண்ணப்படமாட்டார். எதிர்க்கட்சி 50 பேரும் வெளியேறினால் 51 சேராது. மறுபடி பேக்வுட்டைத் தூக்கும் கதைதான்.

எப்படிச் செய்வது

விதியை முறைப்படி திருத்த, வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு விவாதத்தை முடிக்கச் சம்மதிக்க வேண்டும். அது நடக்காது. நடைமுறையில் இருப்பது ‘அணுகுண்டு’ வழி. 2013-ல் நடந்ததை வரிசையாகச் சொல்லலாம். குளோச்சர் தோற்றது. ரீட் மறுபரிசீலனை கேட்டு மறுபடி வாக்கெடுக்க வைத்தார். பின் எழுந்து, ‘இதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும்’ என்று ஒழுங்குப் பிரச்னை எழுப்பினார். தலைமை நாற்காலியில் இருந்த பேட்ரிக் லேஹி, அவர் கட்சிக்காரர்தான், இருக்கும் விதிப்படி ‘இல்லை’ என்று தீர்ப்பளித்தார். ரீட் மேல்முறையீடு செய்தார். ‘தலைமையின் தீர்ப்பு நிற்கட்டுமா’ என்ற கேள்விக்கு 48 பேர் ஆம், 52 பேர் இல்லை. விதிப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறாமல் அதன் பொருள் மாறிவிட்டது. எந்தச் சீர்திருத்தமும் இந்த வாசல் வழியாகத்தான் வரும், அடுத்த பெரும்பான்மை அதே வாசல் வழியாக மேற்கொண்டும் போகும்.

ஆகவே தேர்வு செய்யச் சொன்னால்: 41 பேர் முறை, முன்னறிவிப்போடு. அதோடு, மசோதாவை எடுத்துக்கொள்ளும் தீர்மானத்தின் மேல் ஃபிலிபஸ்டரை எடுத்துவிட வேண்டும். ஒரு பொருளைப் பேசவே விடாமல் தடுப்பதற்கும் விவாத உரிமைக்கும் சம்பந்தமில்லை. பதிலுக்குச் சிறுபான்மைக்குத் திருத்தங்கள் கொண்டுவர உறுதியான இடம் தர வேண்டும். ஏனெனில் திருத்தங்களுக்கான இடங்களையெல்லாம் தன்னுடையதைக் கொண்டே நிரப்பிவிடும் வித்தையை இரண்டு கட்சித் தலைவர்களும் கற்றிருக்கிறார்கள், சிறுபான்மையின் கோபத்தில் பாதி அங்கிருந்து வருகிறது. இது கற்பனையல்ல. 2013 ஜனவரியில் இதே பேரம் நடந்தது: எடுத்துக்கொள்ளும் தீர்மானத்துக்கு நான்கு மணி நேரம், பதிலுக்குப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு திருத்தம். இரண்டு ஆண்டுக்கென்று எழுதியது, அப்படியே காலாவதியானது. அதை நிரந்தரமாக்குவதில் தொடங்கலாம்.

வந்து நிற்பதை விலையாக வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சின்ன ஒத்திகை 2021 மார்ச்சில் நடந்தது. கொரோனா நிவாரண மசோதாவின் 628 பக்கத்தையும் சத்தமாகப் படித்தாக வேண்டும் என்று விஸ்கான்சினின் ரான் ஜான்சன் பிடிவாதம் பிடித்தார். எழுத்தர்கள் மாறி மாறிப் படித்தார்கள், கிட்டத்தட்ட 11 மணி நேரம். அதிகாலை இரண்டு மணி தாண்டி முடிந்தபோது மேரிலாண்டின் கிறிஸ் வான் ஹாலன் எழுந்து, அடுத்து வரும் 20 மணி நேர விவாதத்தை மூன்று மணி நேரமாகக் குறைக்கலாமா, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். ஆட்சேபம் சொல்ல வேண்டிய தரப்பின் நாற்காலிகளில் ஒருவரும் இல்லை.